வலது பக்கத்துக் கட்டம்

இது நடந்த கதை. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். ஆனால் படித்துவிட்டு "யாரோ சொன்னதை யாரோ கேட்டு எழுதியது" என்று மட்டும் சொல்லாதீர்கள். நடந்தது என் அத்தானுக்கு, அதாவது என் அக்காவைக் கட்டிய மனிதருக்கு. அவர் டிவி மெக்கானிக். பொய்யே சொல்லாத உத்தமர் என்று சொல்லமாட்டேன். "நாளைக்கு ரெடியாயிடும்" என்று தினமும் பத்துப் பேரிடம் சொல்கிறவர்தான். ஆனால் பேய் என்றால் வயிறு குலுங்கச் சிரிக்கிற ஆள். அப்படிப்பட்டவர் இப்போதெல்லாம் ஒரு டிவியைத் தொடுவதற்கு முன் அதன் ப்ளக்கைக் கையில் எடுத்து இரண்டு தடவை பார்த்துக்கொள்கிறார். சந்தேகம் இருந்தால் அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பாருங்கள். நகம் இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது.

கடைக்கு வருகிற பெற்றோர் எல்லோரும் அவரிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "கேம் ஆடினா டிவி கெட்டுப்போகுமா?"

"டிவி கெடாது. பரீட்சை மார்க்குதான் கெடும்" என்பார் அத்தான். இந்தப் பதிலுக்குப் பின்னால் வீட்டு அரசியல் இருக்கிறது. என் அக்கா ஒரு கேம் பைத்தியம். கையில் கண்ட்ரோலர் இருந்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. குத்துச்சண்டை ஆட்டத்தில் அத்தான் அவளிடம் மண்ணைக் கவ்வாத நாளே கிடையாது. டிவி கெடும் என்று கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு எந்த முகத்தோடு போவார்?

உண்மையில் ஒரு ரக டிவி கெடும். கறுப்பு நல்ல கறுப்பாகத் தெரியும் என்று விளம்பரம் செய்வார்களே, அந்த ரகம். அதில் ஒரே படம் அசையாமல் நாள்கணக்கில் நின்றால் திரையில் படிந்துவிடும். பிறகு எதைப் போட்டாலும் பின்னால் அந்தப் பழைய படம் நிழல் மாதிரி தெரிந்துகொண்டே இருக்கும். கேமில் ஓரத்திலேயே நிற்கும் கோடுகள், கட்டங்கள் எல்லாம் அப்படிப் படிவதை அத்தான் நிறையப் பார்த்திருக்கிறார்.

அந்த மாதிரி ஒரு டிவியைத்தான் கண்ணாடிக்கடைக்காரர் கொண்டுவந்தார். ஜன்னலுக்கும் மேஜைக்கும் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற தொழில். ஆள் வாட்டசாட்டம். வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றார்.

"என் தம்பி பண்ண வேலைங்க. கேம் ஆடி ஆடித் திரையக் கெடுத்துட்டான். இந்தக் கறையை மட்டும் அழிச்சிக் கொடுங்க."

"தம்பிய நல்லா ரெண்டு போடுங்க" என்று அத்தான் சிரித்தார்.

"போயிட்டான். மொட்டை மாடியில டேங்க் பாக்கப் போனவன் வழுக்கி விழுந்துட்டான். நான் அன்னைக்கு கடையில இருந்தேன், அம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. வீட்ல யாருமே இல்ல."

அத்தானுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்டார். கண்ணாடிக்கடைக்காரர் அதைக் காதில் வாங்கவில்லை. தம்பி ஆட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் போனானாம். மாடி அறையைப் பூட்டியதோடு சரி, பத்து நாள் யாரும் உள்ளே போகவில்லையாம். டிவி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அதில் படம் படிந்துவிட்டது.

"பேனலையே மாத்தணும். அதுக்குப் புது டிவியே வாங்கிடலாமே?"

"அம்மா விடமாட்டேங்குறாங்க. ஹால்ல கொண்டுவந்து வெச்சுக்கிட்டு அது முன்னாடியே உக்காந்திருக்காங்க. டிவி இருக்கட்டும். கறை போகணும்."

'கறை போகணும்' என்று இன்னும் இரண்டு தடவை சொன்னார். போகும்போது திரையின் பக்கம் திரும்பவே இல்லை என்பதை அத்தான் கவனித்தார். துக்கம் என்று நினைத்துக்கொண்டார்.

டிவியில் வெறும் வெள்ளையை ஓடவிட்டுப் பார்த்தார். கறை நன்றாகவே தெரிந்தது. மேலே இடது பக்கம் ஒரு நீளக் கோடு, வலது பக்கம் ஒரு கோடு. குத்துச்சண்டை ஆட்டத்தில் இரண்டு பேரின் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்டும் கோடுகள். இடது கோடு முழுசாக இருந்தது. வலது கோடு பாதி. திரையின் வலது பாதியில் ஒரு சதுரக் கட்டம்.

மதியம் சாப்பாட்டுத் தூக்கோடு அக்கா வந்தாள். திரையைப் பார்த்ததும் அவளுக்குச் சாப்பாடு மறந்துவிட்டது.

"ஏய், இது நம்ம ஆட்டம்! யாரோ ஒருத்தன் செமத்தியா வாங்கிக்கிட்டு இருந்திருக்கான். இடது பக்கத்துக்காரன் மேல ஒரு குத்துகூட விழல பாரு."

"தனியா ஆடிக்கிட்டு இருந்தானாம், பாவம்."

"தனியாவா? யார் சொன்னது?" அக்கா கட்டத்தைக் காட்டினாள். "இந்தக் கட்டம் ஆட்டத்தை நிறுத்துற ஆள் பக்கத்துலதான் வரும். கம்ப்யூட்டரா ஆட்டத்தை நிறுத்தும்? வலது பக்கத்துல ஒரு மனுஷன் உக்காந்திருக்கான். தோக்கப்போறோம்னு தெரிஞ்சு நிறுத்தியிருக்கான். உன்னை மாதிரி."

அத்தான் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. வீட்ல யாருமே இல்ல என்றாரே அந்த மனிதர்...

சாயங்காலம் மறுபடி திரையைப் போட்டார். வலது கோடு கொஞ்சம் குட்டையாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். அப்போதும் குட்டைதான். படிந்த கறை மங்கலாம். ஆனால் குறையாது, நகராது. தொழில் தெரிந்த யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். சந்தேகத்துக்கு ஒரு துண்டு டேப்பைக் கிழித்து, கோடு முடிகிற இடத்தில் திரைமேல் ஒட்டினார்.

மறுநாள் காலையில் டேப் ஒட்டிய இடத்தில் இருந்தது. கோடு அங்கே இல்லை. ஒரு விரல்கடை உள்ளே போயிருந்தது.

கொஞ்ச நேரத்தில் கண்ணாடிக்கடைக்காரர் வந்தார். இடது உள்ளங்கையில் பெரிய கட்டு.

"என்னங்க ஆச்சு?"

"கண்ணாடி கை நழுவிடுச்சு. இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்ல. கறை போச்சா?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"சீக்கிரம் அழிங்க."

அத்தான் அவர் கட்டைப் பார்த்தார். டேப்பைப் பார்த்தார். அவர் போனதும் புதிய முனையில் இன்னொரு டேப்பை ஒட்டினார். டேப் கோணலாக ஒட்டியது. டீ குடிக்காததால்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அடுத்த நாள் கோடு இரண்டாவது டேப்பையும் தாண்டி உள்ளே போயிருந்தது. கண்ணாடிக்கடைக்காரர் நொண்டிக்கொண்டு வந்தார். சாய்த்து வைத்திருந்த ஒரு கண்ணாடிப் பாளம் தானாகச் சரிந்து காலில் விழுந்ததாம்.

"ஒரு விஷயம் கேட்கலாமா?" என்றார் அத்தான். "உங்க தம்பிகூட அன்னைக்கு யாராவது ஆடிக்கிட்டு இருந்தாங்களா? கறையைப் பாத்தா ரெண்டு பேர் மாதிரி..."

கண்ணாடிக்கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது.

"உங்க வேலை அழிக்கிறது. அதை மட்டும் பாருங்க. இன்னைக்கே அழிக்கணும்."

அவர் போனபிறகு அத்தானுக்கு வேலை ஓடவில்லை. ஊர் வம்பு நமக்கு எதற்கு என்று ஒரு பக்கம். இது வம்பு இல்லை, செத்துப்போனவனின் வாக்குமூலம் என்று ஒரு பக்கம். கடைசியில் பயம்தான் ஜெயித்தது. கறையை அழித்துக் கொடுத்துவிட்டுத் தலைமுழுகிவிடலாம் என்று முடிவு செய்தார்.

கறையை மங்கவைக்க ஒரு வழி உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் என்று வண்ணங்களை மாற்றி மாற்றித் திரை முழுக்க மணிக்கணக்கில் ஓடவிடுவது. ஓடவிட்டார்.

சிவப்பு... பச்சை... நீலம்...

வெளியே மழை பிடித்துக்கொண்டது. கடையில் வேறு யாரும் இல்லை. திரையின் வெளிச்சத்தில் சுவர் சிவந்தது, பச்சையானது.

சிவப்பு... பச்சை...

திரையின் அடியில் ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தார்.

ஒரு கோடு. மூன்றாவது கோடு. காலையில் அது இல்லை. மேலே இருக்கிற கோடுகள் மாதிரியே, ஆனால் முழுசாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை.

அது இரண்டு பேர் ஆடுகிற ஆட்டம். மூன்றாவது ஆளே கிடையாது.

டக்.

எங்கோ ஒரு பட்டன் அழுத்துகிற சத்தம். கண்ட்ரோலர் பட்டன். வீட்டில் தினமும் கேட்கிற சத்தம், அவருக்குத் தெரியாதா? ஆனால் கடையில் கண்ட்ரோலரே கிடையாது.

டக். டக்.

ப்ளக்கைப் பிடுங்கினார். திரை அணைந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு, டிவியைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைக்கலாம் என்று விளிம்பில் கைவைத்தார்.

தூக்கி அடித்தது.

பின்னால் இருந்த ஸ்டூலோடு போய் விழுந்தார். வலது கை தோள்வரை மரத்துப்போனது. விரல் நுனியில் கருகின வாடை. ப்ளக் மேஜைமேல் கிடந்தது, அவர் கண்முன்னால். மின்சாரம் மிச்சம் தங்கியிருக்கும், அப்படி அடிப்பதும் உண்டு என்று அவருக்குத் தெரியும். ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது...

திரை வெள்ளையாக எரிந்துகொண்டிருந்தது.

அடியில் இருந்த கோட்டில் ஒரு துண்டைக் காணோம். அவருடைய கோட்டில்.

அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. இந்தக் கறையை அழித்தால் அவரும் அந்த ஆட்டத்தில் இருக்கிறார், அண்ணன் கட்சியில்.

கீழே கிடந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். என் அத்தான்! "அழிக்கலப்பா. நான் அழிக்கல. உன் வீட்லயே கொண்டுபோய் வெச்சிடறேன்."

திரை அணைந்தது.

மறுநாள் சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னால், டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனார். அக்கா தடுத்துப் பார்த்தாள். "போகாட்டி என் கோடு குறையும்" என்றார். அவள் வழிவிட்டாள். விரலில் மருந்து போட்டவள் அவள்தானே.

ஹாலில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உருவம், வற்றிப்போன கண்கள். டிவியைப் பார்த்ததும் எழுந்துவந்து, பிள்ளையின் தலையைத் தடவுவது போலத் திரையைத் தடவினார். கண்ணாடிக்கடைக்காரர் நொண்டிக்கொண்டே உள்ளே இருந்து வந்தார். கன்னத்தில் புதிதாக ஒரு பிளாஸ்திரி.

அத்தான் டிவியைப் பழைய இடத்தில் வைத்து ப்ளக்கைச் சொருகினார். வெள்ளை வெளிச்சம். அடியில் இருந்த கோடு மறைந்திருந்தது. மேலே இடது கோடு முழுசாக. வலது கோட்டில் ஒரு நகத்தளவுதான் மிச்சம்.

"ஏன்யா அழிக்கல?" கண்ணாடிக்கடைக்காரர் கத்தினார்.

அத்தான் அவருக்குப் பதில் சொல்லவில்லை. அம்மாவிடம்தான் சொன்னார். "அம்மா, இந்தக் கட்டத்தைப் பாருங்க. ஆட்டத்தை யார் நிறுத்தினாங்களோ அவங்க பக்கம்தான் இது வரும். இது வலது பக்கம் இருக்கு. உங்க சின்னப் பையன் தனியா ஆடலம்மா."

அந்த அம்மா கட்டத்தையே பார்த்தார். பிறகு மெல்லத் தலையைத் திருப்பினார்.

"வலது பக்கம் எப்பவும் பெரியவன்தான் உக்காருவான். சின்ன வயசுலருந்தே. இல்லாட்டி சண்டை போடுவான்."

"அம்மா, இவன் எதையாவது உளறுவான்..."

"நீ கடையில இருந்தேன்னு சொன்னியேடா."

கண்ணாடிக்கடைக்காரர் ரிமோட்டைப் பிடுங்கி அழுத்தினார். திரை அணையவில்லை. குனிந்து ப்ளக்கை இழுத்து வீசினார். திரை அணையவில்லை.

டக்.

மாடியிலிருந்து வந்தது சத்தம். பூட்டிய அறையிலிருந்து.

டக். டக். டக்.

"அங்க யாரு?" என்றார் அத்தான்.

அம்மா பெரியவனைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அத்தானுக்குச் சோறு இறங்காது. "அவன்தான். வேற யாரு? உனக்காகக் காத்துக்கிட்டு இருக்கான்."

"சிரிச்சான்மா அவன்!" கண்ணாடிக்கடைக்காரன் வெடித்தான். இனிமேல் அவனுக்கு மரியாதை எதற்கு? "தோத்துட்டேன்னு சிரிச்சான். மாடிக்கு வந்தும் சிரிச்சான். ஒரே ஒரு தள்ளு... அவ்வளவுதான்... நான் வேணும்னு செய்யல..."

அந்த அம்மா அசையவில்லை, அழவும் இல்லை.

டக். டக். டக். டக்.

"அந்தக் கேம் பெட்டியைத்தான் உடைக்கணும்" என்று அவன் முனகினான். கதவோரம் கிடந்த சுத்தியலை எடுத்தான். படியில் காலை வைத்தவன் நின்றான். அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். "போகாதே" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தானோ என்னவோ.

"போ" என்றார் அம்மா. "போய் ஆடி முடி."

அவன் ஏறினான். நொண்டுகிற கால். ஒரு படி... ஒரு படி...

பூட்டுத் திறக்கிற சத்தம்.

பட்டன் சத்தம் நின்றது.

அமைதி.

அத்தான் திரையைப் பார்த்தார். வலது பக்கத்துக் கட்டம் இல்லை.

ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

மேலே காலடிகள். அறைக்குள் இல்லை, மொட்டை மாடியில். ஓடுகிற காலடிகள். ஒருவனுடையது நொண்டியது. இன்னொன்று... நொண்டவில்லை.

வலது கோடு குறைந்தது.

குறைந்தது...

"டிங்!" ஆட்டம் முடிந்த மணி.

வெளியே ஏதோ விழுந்தது.

போலீஸ் வந்தது. அத்தான் கேட்டதையும் பார்த்ததையும் சொன்னார், மூன்றாவது கோட்டைத் தவிர. அதைச் சொன்னால் அவரையல்லவா ஒரு மாதிரி பார்ப்பார்கள். தம்பி விழுந்த அதே இடத்தில்தான் அண்ணனும் கிடந்தான். மாடிக் கைப்பிடிச் சுவர் பழசு, வழுக்கியிருப்பான் என்று எழுதிக்கொண்டார்கள். மாடியில் ஒரு ஆளுடைய காலடித் தடம்தான் இருந்ததாம்.

ஹாலில் இருந்த டிவி அணைந்திருந்தது. ஒரு போலீஸ்காரர் ப்ளக்கைச் சொருகிப் பார்த்தார். சுத்தமான வெள்ளை. கோடும் இல்லை, கட்டமும் இல்லை. கடையிலிருந்து அன்றைக்குத்தான் வாங்கிவந்த மாதிரி இருந்தது. என்ன கறையைப் பற்றிச் சொல்கிறீர்கள் என்று அவர் அத்தானைக் கேட்டார்.

சில வாரம் கழித்து அக்காவும் அத்தானும் அந்த அம்மாவைப் பார்க்கப் போனார்கள். குற்றம் செய்தவன்தான் போனான் என்றாலும், இரண்டு பிள்ளைகளையும் பறிகொடுத்தவர் அல்லவா. அவர் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தார். டிவி ஓடவில்லை.

ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே என்று அத்தான் சொன்னார். "அந்தப் பத்து நாள் டிவியை அணைக்காம விட்டது நல்லதாப் போச்சும்மா. இல்லாட்டி படம் படிஞ்சிருக்காது. உண்மையும் தெரிஞ்சிருக்காது."

அந்த அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"பத்து நாளா? யார் சொன்னது?"

"உங்க பெரிய பையன்தான்..."

"அவனுக்கு என்ன தெரியும்? அவன்தான் அந்த ரூம் பக்கமே போகலையே, செத்தவனைப் பாக்கவே பயந்துக்கிட்டுப் பின்கட்டுல போய் ஒளிஞ்சிக்கிட்டானே. சின்னவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போன உடனே நான் மாடிக்குப் போனேன். ஆட்டம் நடுவுல நின்னுக்கிட்டு இருந்துச்சு. மனசு தாங்கல. என் கையாலதான் ப்ளக்கைப் பிடுங்கிட்டு ரூமைப் பூட்டினேன். அது ஓடினது அரை மணி நேரம்கூட இருக்காது."

அரை மணி நேரத்தில் எந்தத் திரையிலும் எதுவும் படியாது.

இப்போதும் கடைக்கு வருகிறவர்கள் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். கேம் ஆடினால் டிவி கெட்டுப்போகுமா?

அத்தான் இப்போது மார்க் ஜோக் எல்லாம் சொல்வதில்லை. கறுத்த நகத்தைத் தடவிக்கொண்டே, "அசையாம நாள்கணக்கில் நின்னா கெடும்" என்கிறார். "அரை மணி நேரத்துல கெட்டா என்கிட்ட கொண்டுவராதீங்க."